வீடில்லாத தலைக்கட்டு

போன மாதம் செம்பூரில் நம் ஊர்க்காரர்கள் கட்டடத்தில் அம்மன் கொடை விழா முடிந்து வாஷிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில் மான்கூர்ட் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் சின்னவள் கேட்டாள்: "அப்பா, அந்த பில்டிங்ல நமக்கு வீடே கிடையாது. அப்புறம் எதுக்கு நம்மளையும் தலைக்கட்டுன்னு கூப்பிட்டுத் தேங்கா குடுக்காங்க? அதுவும் முதல்ல?"

"முனிசிபாலிட்டிக்காரன் நம்ம வீட்டை வேண்டாம்னுட்டான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா சொன்னிய போங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னால் நான் சொன்னது பாதிதான் என்று அர்த்தம். மீதியை ரயிலில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். நீங்களோ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள். ஆகவே சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். புரியாத இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். அவளுக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் மாட்டுங்காவில் ஒரு இரும்புக் கட்டில் பட்டறையில் வேலை பார்த்தேன். குடியிருந்தது தாராவியில், தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த குடிசை வரிசையில். மேலே தகரம், பக்கத்தில் சாக்கு, முன்னால் நாலா என்கிற சாக்கடை. மழைக்காலத்தில் நாலா வாசலுக்கு வரும். கிடங்கு நாற்றம் மழை வெயில் பார்க்காமல் எப்போதும் வரும். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஒரே வட்டாரத்து ஆட்கள். கிடங்கில் எங்கள் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார், "எத்தன காலத்துக்குத்தான் இந்த நாலாவ மோந்து பாத்துக்கிட்டு கெடப்போம். சொந்தமா ஒரு கட்டடம் கெட்டிருவோம்" என்று.

சொசைட்டி ஆரம்பித்தோம். செம்பூரிலிருந்து டிராம்பே போகும் பஸ் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ஒரு பக்கம் பழைய குடோன் சுவர். மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். நடுவில் ஒரு பெஞ்சுப் பலகை மாதிரி நீண்ட நிலம். சாயங்காலம் அங்கே நின்றால் தூரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரிகிற தீ தெரியும். அதைப் பார்த்து அண்ணாச்சி, "தீபம் மாதிரி இருக்கு, நல்ல சகுனம்" என்றார். அவர் நல்லது என்று நினைத்துவிட்டால் எதுவும் நல்ல சகுனமாகிவிடும்.

எங்கள் தப்பு எங்கே தொடங்கியது என்பதை இப்போது சொல்லவேண்டும். ஊரில் கோயில் கொடைக்கு வரி போடும்போது, கல்யாணமான ஒவ்வொரு ஆணும் அவன் குடும்பமும் ஒரு தலைக்கட்டு. வயல் உள்ளவன், இல்லாதவன் என்ற வித்தியாசம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே வரி, பூசை முடிந்ததும் ஒரே அளவு பங்கு. நேற்றுத் தாலி கட்டியவன்கூட இன்று முழுத் தலைக்கட்டு. அண்ணாச்சி அதே முறையைக் கட்டடத்துக்கும் வைத்தார். "தலைக்கட்டுக்கு ஒரு வீடு. பெரிய வீடு சின்ன வீடுன்னு பேச்சே கெடையாது" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் மனம் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. வரிக்குத் தலைக்கட்டு கூடினால் எல்லாருக்கும் பாரம் குறையும். வீட்டுக்குத் தலைக்கட்டு கூடினால் நிலம் கூடாது. தை பிறந்தால், ஆவணி பிறந்தால், எங்கள் வரிசைப் பையன்கள் ஊருக்குப் போவார்கள். திரும்பும்போது புதுப் பெண்டாட்டியோடு வருவார்கள். வந்து இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டு அண்ணாச்சியிடம்தான் போவார்கள். "நானும் தலைக்கட்டு ஆயிட்டேன் அண்ணாச்சி."

பிளான் வரைந்தவர் மாட்டுங்காவில் இருந்த ஒரு பாலக்காட்டு சாமி. பகலில் ஏதோ கம்பெனியில் வரைபடம் வரைகிற உத்தியோகம், காலையிலும் சாயங்காலமும் வீட்டில் இந்த மாதிரி வேலை. என் பட்டறை பக்கத்தில் இருந்ததாலும், நான் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிப்பேன் என்பதாலும், என்னைச் செக்ரட்டரி ஆக்கி அவரிடம் அனுப்புவார்கள். முதலில் அவர் வரைந்த பிளான் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தரையும் ஒரு மாடியும். பின்னால் குடோன் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து. அகலமான படிக்கட்டு. கட்டடத்தின் வயிற்றில் ஒரு வெறும் கட்டம்.

"இது என்ன சாமி, சும்மா விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அது ஆகாசமாக்கும். உள்ள இருக்கற அடுக்களைக்கெல்லாம் வெளிச்சம் வரணும், கேட்டயா. அதை விட்டுடு."

அடுத்த தையில் பின்பக்கச் சந்து பாதியானது. ஆவணியில் அதுவும் போய் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டின. படிக்கட்டு மெலிந்தது. கக்கூஸ் இருந்த இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு வீட்டைச் செருகினோம். சாமி ரப்பரால் அழித்து அழித்து, காகிதமே ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது.

"உங்க ஊர்ல ஒரு வருஷத்துக்குக் கல்யாணத்தை நிறுத்தி வைக்கப்படாதோ?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

நிறுத்தி வைக்கவில்லை. அதற்கடுத்த தையில் எனக்கே கல்யாணம் ஆயிற்று. அண்ணாச்சியின் மூத்த மகனுக்கும் அதே மாதம். நாங்கள் திரும்பி வந்தபோது பிளானில் அந்த ஆகாசம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த மழை முடிந்து சாமி வீட்டுக்குப் போனபோது, அண்ணாச்சி விரலை அதில் வைத்தார்.

"இந்தக் கட்டம் சும்மாதான கெடக்கு. தரையில செக்ரட்டரிக்கி, மேல எம் மவனுக்கு. முடிஞ்சு போச்சு."

சாமி பென்சிலைக் கீழே வைத்தார். "நான் வரையறேன். வரையறது என் ஜோலி. ஆனா இது பாஸாகாது."

"நீரு வரையும் சாமி. பாஸாக்குதது எம் பாடு."

நான் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நமக்கு நடு வீடு. நாலு பக்கமும் நம்ம ஆளுவ. கள்ளன் பயமே கெடையாது."

அவள் முதலில் கேட்டது, "சன்னல் எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் பொறவு வைப்பாவ" என்றேன்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. பம்பாய்க்கு வந்த முதல் மழையிலேயே அவளுக்கு இளைப்பு கண்டுவிட்டது. கரி அடுப்பு மூட்டினால் மூச்சு விசில் மாதிரி வரும். தாராவி டிஸ்பென்சரி டாக்டர், காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள் என்றார். அது மருந்தைவிட விலை கூடிய சமாச்சாரம். அந்தச் சமயத்தில் மூத்தவன் அவள் வயிற்றில் இருந்தான். குழந்தையை அந்தக் கிடங்கு நாற்றத்துக்குள் பெறக்கூடாது, அடுத்த மழைக்குள் செம்பூர் போய்விடவேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே நினைப்பு. அந்த நடு வீட்டை நம்பித்தான் நான் ஒவ்வொரு நாளும் பட்டறைக்குப் போய்வந்தேன்.

முனிசிபாலிட்டியிலிருந்து பதில் வந்தது. நானும் அண்ணாச்சியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி வீட்டுக்குப் போனோம். வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அனுமதி இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் காரணங்கள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

கட்டடத்துக்கும் குடோன் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகக்கூட இடம் இல்லை. படிக்கட்டு குறுகல், தீப்பிடித்தால் இறங்குகிறவனும் ஏறுகிறவனும் முட்டிக்கொள்வார்கள். நடுவில் உள்ள வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர வழியே இல்லை. இத்தனை பேருக்கு இத்தனை கக்கூஸ் போதாது. வாய்க்கால் கரையை ஒட்டிச் சுவர் எழுப்பினால் மழையில் தண்ணீர் போக இடமில்லை. வண்டி உள்ளே வரும் பாதையும் போதாது.

"முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"கடைசியா ஒண்ணு இருக்கு."

"அதயும் சொல்லிரும். மொத்தமா வயிறெரிஞ்சுக்கிடுதேன்."

"அந்த எடத்துக்கு இத்தனை ஜனம் தாங்காதுங்கறான்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காத்து வரலன்னா காத்தாடி வாங்கி மாட்டுதோம். வெளிச்சம் வரலன்னா லைட் போடுதோம். இதெல்லாம் ஒரு காரணமா வே?" என்று என்னைக் கேட்டார். சாமி காகிதத்தை மடித்து வைத்தார். உள்ளே போய் எங்களுக்குக் காப்பி வாங்கிவந்தார்.

வரிசையில் விஷயம் தெரிந்ததும் வேறு பேச்சு கிளம்பியது. மதராசிகளை விரட்டவேண்டும் என்று சுவர்களில் எழுதியிருந்த காலம் அது. ரயிலில் தமிழ் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். "காத்தும் இல்ல கீத்தும் இல்ல. நாம மதராசின்னுதான் மறிக்கான்" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றிவிட்ட பிறகு அந்தக் காரணங்களில் ஒன்றையாவது யோசித்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. நம்மைப் பிடிக்காதவன் சொன்னது என்று முடிவு கட்டிவிட்டால், அவன் மழை வருகிறது என்று சொன்னாலும் நாம் குடையை எடுக்கமாட்டோம். இதை உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

நானும் அண்ணாச்சியும் வார்டு ஆபீசுக்குப் போனோம். எங்கள் பிளானைப் பார்த்த என்ஜினீயர் ஒரு மராட்டிக்காரர், நடு வயது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி காட்டினார். அண்ணாச்சியின் ஹிந்தியில் பாதி தமிழ் இருக்கும், மீதியைக் கை பேசும். ஆனாலும் அன்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"சாப், இப்போ நாங்க தாராவியில இருக்கோம். அங்க படிக்கட்டே கிடையாது, அகலம் எங்க பாக்க? கக்கூஸ் கிடையாது. நாலாத் தண்ணி வீட்டுக்குள்ள வருது. அங்க இருக்கலாம்னு விட்டுட்டீங்க. அதவிட நூறு மடங்கு நல்லதா ஒண்ணு கட்டுறோம்னா, கூடாதுங்கறீங்க. இது என்ன நியாயம்?"

அந்த மனிதர் கோபப்படவில்லை. டப்பாவை மூடிவைத்தார்.

"அந்தக் குடிசைக்கு நான் கையெழுத்துப் போடலை. அது மோசம்தான், அது எங்க வெட்கம்தான். ஆனா அது தகரம். நாளைக்கே பிரிச்சுடலாம். இது சிமெண்ட். நீங்க இன்னைக்கு இருட்டா கட்டினா, உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இருட்டாத்தான் நிக்கும்."

"எங்க பேரப்பிள்ளைங்கள நாங்க பாத்துக்கிடுவோம் சாப். நீங்க ஒருதடவ நேர்ல வந்து பாருங்க. ஞாயித்துக்கிழமை. மனுசன் நிக்க எடம் இருக்கா இல்லையான்னு நாங்க காட்டுறோம்."

"பார்க்கலாம்" என்றார் அவர். அதை அண்ணாச்சி வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஊரில் வீடு கட்டும் முன் தரையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்பு போட்டுக் காட்டுவார்கள். அண்ணாச்சி, அதே மாதிரி முழுக் கட்டடத்தையும் நிலத்தில் போட்டுக் காட்டிவிடலாம் என்றார். வெறும் கோடு போதாது, பார்க்கிறவனுக்கு வீடு மாதிரி தெரியவேண்டும் என்று மூங்கில் நட்டு, கிடங்கிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு மேல் சுவராகக் கட்டினோம். சாக்கு போதாத இடத்தில் பழைய சேலைகள். நடு வரிசைக்கு மேல் தார்ப்பாய் விரித்தோம், அதுதான் மாடி. நல்ல நாளாகப் பார்த்து, எல்லாரும் அவரவர் வீட்டில் பால் காய்ச்சிவிடவேண்டும் என்பதும் அவர் யோசனைதான். "பால் காய்ச்சின வீட்ட எவன் வேண்டாம்பான்?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்து எல்லாக் குடும்பமும் வந்துவிட்டது. கரி அடுப்பு, சட்டி, பால், பிள்ளைகள். ஏதோ கொடைக்கு வந்த மாதிரி இருந்தது. முதல் தகராறு மாடிக்காரர்களால் வந்தது.

"எங்க வீடு எங்க அண்ணாச்சி?"

"மேலதான் வே இருக்கு. தார்ப்பாய்க்கி மேல."

"அப்பம் நான் எங்கன பால் காய்ச்ச?"

"பறந்து போயி காய்ச்சும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசியில் மாடிக்காரர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். சுண்ணாம்புக் கோட்டில் போட்டிருந்த படிக்கட்டில் அவர்கள் குடத்தோடு ஏறி இறங்குகிற மாதிரி நடந்து காட்டவேண்டும், சாப் வரும்போது. ஒத்திகை பார்த்தோம். இடுப்பில் குடத்தோடு ஒருத்தி போக, இன்னொருத்தி எதிரே வந்தாள். குடமும் குடமும் மோதின. அவர்களில் ஒருத்தி பின்பக்கமாகவே நடந்து கீழே போகவேண்டியதாயிற்று.

"ஏட்டி, நீ ஒதுங்கு."

"எங்கன ஒதுங்க? கோட்டத் தாண்டுனா சொவருல்லா."

"அப்பம் காலையில நீ ஏறு, சாயங்காலம் நான் எறங்குதேன்."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் முதல் சிரிப்பு அளவுக்கு இல்லை.

அடுப்புகளை மூட்டினார்கள். உங்கள் அம்மா நடு வீட்டுக்குள் போனாள். அவளுக்கு நிறை மாதம் ஆகவில்லை, ஆனாலும் குனிய முடியாத வயிறு. மனைப்பலகை போட்டு உட்கார்ந்தாள். நான் சாக்கு இடைவெளியில் வாசல் என்று விட்ட இடத்தில் நின்றேன். வெளியே நல்ல வெயில். உள்ளே அவள் முகம் தெரியவில்லை, அடுப்பின் சிவப்பு மட்டும் தெரிந்தது. நாலு பக்கத்து அடுப்புப் புகையும் போக இடம் தேடி, தார்ப்பாய்க்கு அடியில் வந்து நின்றது. அவள் இருமினாள். "வெளிய வா" என்றேன். "பால் பொங்காம எப்பிடி வர" என்றாள்.

பால் காய்ச்சுவதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பால் காய்ந்தால் மட்டும் போதாது. அது பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும். கிழக்கே வழிந்தால் நல்லது என்பார்கள். எல்லாருடைய அடுப்பையும் சுற்றி நின்று பெரியவர்கள் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வாசலுக்கு அண்ணாச்சியின் சம்சாரம் வந்தார், எங்களுக்கெல்லாம் மைனி.

அடுப்பில் புஸ் என்று சத்தம் கேட்டது. பால் பொங்கித் தீயில் விழுந்த சத்தம். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அம்மா முந்தானையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விசில் அடித்தது.

"எந்தப் பக்கம் பொங்கிச்சுட்டி?" என்று மைனி கேட்டார்.

"தெரியல மைனி. சத்தம்தான் கேட்டுச்சு."

சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சாக்கு இடைவெளியில் எட்டிப் பார்த்தார்கள். பால் பொங்குவது கண்ணுக்குத் தெரியாத வீடு என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. மைனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சீக்கிரமே வெளியே வந்து, மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. இதுக்கு மேலதான் நீ இருக்கப் போற. உள்ள போயி செத்த நில்லு."

அந்தப் பெண் போய் நின்றாள். வெளியே வந்ததும் உங்கள் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணாச்சி இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் பஸ் ரோட்டின் முனையில் நின்று சாப் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப் வரவில்லை. வெயில் ஏறியதும் பாலை எல்லாருக்கும் ஊற்றிக் குடித்துவிட்டு, சாக்குகளை அவிழ்த்துக் கட்டினோம். அவருக்காகப் போட்ட கட்டடத்தை நாங்கள்தான் பார்த்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் அம்மா மெதுவாகச் சொன்னாள், "நான் அந்த வீட்டுக்கு வரல."

"புகை இன்னைக்கித்தான். சொவரு கெட்டுனப் பொறவு ஏதாவது வழி பண்ணுவாவ."

"சொவரு கெட்டுனா இந்தச் சாக்கு எடைவெளியும் இருக்காது. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

"அப்பம் பிள்ளைய அந்த நாலாக் கரையிலயா பெறப் போற?"

"நாலாக் கரையில கதவத் தெறந்தா வானமாவது தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நான் யாருக்காக அந்த வீட்டை விரும்பினேனோ அவளே வேண்டாம் என்கிறாளே என்று இருந்தது. பட்டறையில் கட்டில் சட்டத்தை அரத்தால் ராவும்போதெல்லாம் அந்தக் காரணங்கள் மனதில் ஓடின. சாமி வாசித்தபோது அவை யாரோ யாரையோ பற்றிச் சொன்னவை. இப்போது பார்த்தால், நடுவில் உள்ள வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர வழியில்லை என்று அந்த மனிதர் எழுதியது என் வீட்டை. என் பெண்டாட்டியைப் பார்த்தே இராத ஒருவர், அவள் அங்கே மூச்சுவிட முடியாது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். நாங்கள் அதை மதராசி விரோதம் என்று படித்திருக்கிறோம். அவருக்கு மதராசிகளைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பிடிக்காமலேகூட இருந்திருக்கலாம். ஆனால் அவர் எழுதியது சரி.

அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சி இன்னொரு யோசனை சொன்னார். அனுமதி கிடக்கட்டும், கட்டிவிடுவோம், கட்டிய பிறகு இடிக்கவா போகிறான் என்று. நிறையப் பேர் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டியதில் குற்றம் இல்லை. மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து, "என் வீட்ட எடுத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

"என்னது?"

"நடுவுல அந்தக் கட்டத்த மறுபடி ஆகாசமா விட்டிருவோம். சாமி மொதல்ல போட்ட மாதிரி."

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. "தலைக்கட்ட வெட்டச் சொல்லுதியா? எங்க ஐயா காலத்துல இருந்து எவனும் செய்யாதத என்னையச் செய்யச் சொல்லுத. அந்தப் பழி எனக்கு வேண்டாம் டே."

"தலைக்கட்டு இருக்கட்டும். வீடு வேண்டாம்."

"வீடில்லாத தலைக்கட்டு எங்கயாவது உண்டுமா வே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரிக்கும்போதும் எல்லார் கண்ணும் அண்ணாச்சி மேல்தான் இருந்தது. ஆகாசம் என்றால் தரையில் மட்டும் விட முடியாது. எனக்கு மேலே அவர் மகன் வீடு. நான் விட்டுக்கொடுத்தால் அவரும் விட்டாகவேண்டும். இல்லாவிட்டால் நான் விட்டதில் அர்த்தமில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து மைனி குரல் கொடுத்தார். கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் கிடையாது.

"எம் மவன் வீட்டயும் எடுங்க. எம் மருமவள நான் அந்த இருட்டுல விட மாட்டேன். அவ எங்கூட இருந்துக்கிடட்டும். சண்ட போட்டாலும் வெளிச்சத்துல போடுவோம்."

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "சாமியப் போயி பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு வீடு போனதோடு முடியவில்லை. படிக்கட்டுக்கும் பின்பக்கச் சந்துக்கும் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கியது. இனிமேல் கல்யாணம் முடித்துவருகிறவன் வீட்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளவேண்டும் என்று முடிவாயிற்று. அதில் மனத்தாங்கல் பட்டுச் சிலர் விலகிப்போனார்கள். சாமி புதுக் காகிதத்தில் வரைந்தார். நடுக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, "இப்பவாவது இருக்கட்டும்" என்றார். அப்புறமும் நடந்து நடந்து, திருத்தித் திருத்தி, ஒருவழியாகப் பாஸாயிற்று.

இதில் நான் பெரிய தியாகம் செய்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். உங்கள் அம்மா அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். வராதவளுக்கு வீடு எதற்கு? வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்தாலும் அவர்கள் பிள்ளைக்குத்தான் அந்த இருமல் போயிருக்கும்.

இது எல்லாருக்கும் நல்லபடி முடிந்தது என்றும் சொல்லமாட்டேன். மூத்தவன் தாராவியில்தான் பிறந்தான். அடுத்த மழையில் அவனுக்கும் நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்களில், அந்த நடு வீடாவது இருந்திருந்தால் தண்ணீராவது உள்ளே வராதே என்று நினைத்திருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் அந்த வரிசையிலேயே வளர்ந்தீர்கள். வாஷிக்கு வர நமக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். கூடாது என்று எழுதுகிறவர் சரியாகவே எழுதினாலும், அப்புறம் நாங்கள் எங்கே போவது என்பதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை. அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு, அந்த என்ஜினீயர் வெட்கம்தான் என்று சொன்னாரே தவிர, வேறு பதில் யாரும் சொல்லவில்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் இதை யோசிக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கட்டடம் முடிந்து நிஜமான பால் காய்ப்புக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா அந்த நடுக் கட்டத்தில் நின்று மேலே பார்த்தாள். சதுரமாக வானம் தெரிந்தது. சுற்றிலும் அடுக்களை ஜன்னல்கள் அதைப் பார்த்துத் திறந்திருந்தன. எல்லா வீட்டுப் புகையும் அந்த வழியாக மேலே போயிற்று. அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "இதுதான் டே ஒன் வீடு. கூரதான் போடல" என்றார். தலைக்கட்டை வெட்டமாட்டேன் என்று அவர் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வருஷக் கொடையில் வரி எழுதும்போது முதலில் நம் தலைக்கட்டை எழுதச் சொன்னார். பங்கையும் முதலில் நமக்குக் கொடுத்தார். அவர் காலம் முடிந்த பிறகும் அது அப்படியே நடக்கிறது. ஏன் என்று அங்கே இப்போது இருக்கிற இளவட்டங்கள் பாதிப் பேருக்குத் தெரியாது.

அம்மன் பொங்கல் அந்த நடுக் கட்டத்தில்தான் வைப்பார்கள். போன மாதமும் பார்த்தீர்கள். பானை பொங்கி வருகிற நேரத்தில் யாராவது ஒருவர் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் பொங்கியது என்று அவள்தான் சொல்லவேண்டும். அவள் சேலையைச் செருகிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பானையை நன்றாகப் பார்ப்பாள்.

"கெழக்க" என்பாள்.

மேற்கே வழிந்த வருஷமும் உண்டு. அதையும் அப்படியே சொன்னாள்.